வில்லுப்பாட்டுக்காரருக்கும் பதிப்புரிமை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத் திருட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தியேட்டரில் செல்போனை வைத்துப் படம் பிடித்தால் 2023ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் திருத்தச் சட்டப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம் என்று விவரமாகப் போட்டிருந்தீர்கள். தேவையான செய்திதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சினிமா மட்டுமே இருந்தது. பதிப்புரிமை என்றாலே சினிமாக்காரர்களுக்கும் பெரிய இசையமைப்பாளர்களுக்கும் உள்ள சங்கதி என்ற நினைப்பு பத்திரிகைகளிடமும் இருக்கிறது, எங்கள் ஆட்களிடமும் இருக்கிறது. அந்த நினைப்பினால் நஷ்டப்படுகிற கூட்டத்தில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். களியக்காவிளைப் பக்கத்து வில்லிசைக் குழு ஒன்றில் உடுக்கை அடிக்கிறேன்.

எங்கள் பிழைப்பு கொடை என்கிற ஊர்க்கோயில் விழாக்கள் நடக்கும் மாதங்களில்தான். இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலை, இரணியல், தோவாளை, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் கூப்பிடுவார்கள். சுடலைமாடன் கதை, முத்தாரம்மன் கதை, இசக்கியம்மன் கதை என்று கோயிலுக்குத் தக்கபடி பாட வேண்டும். மற்ற மாதங்களில் குழுவில் ஒருவர் ரப்பர் பால் வெட்டப் போவார், ஒருவர் கொத்து வேலைக்குப் போவார். குழுவை நடத்தும் முதன்மைப் பாடகரான அண்ணாவி மட்டும் வேறு வேலை செய்யாமல் பழைய ஏட்டையும் நோட்டையும் வைத்துக்கொண்டு அடுத்த கொடைக்குக் கதையில் சேர்க்க வேண்டிய விருத்தங்களை எழுதிக்கொண்டிருப்பார். இப்போது எந்தக் கொடைக்குப் போனாலும் மேடைக்கு முன்னால் ஐம்பது செல்போன் தூக்கி நிற்கிறது. ஓரத்தில் லைவ் போடும் சேனல்காரர் கேமராவை ஊன்றி வைத்திருப்பார். விடிவதற்குள் நாங்கள் பாடியது துண்டு துண்டாக ரீல்ஸிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஓடுகிறது, பலதில் குழுவின் பெயர்கூட இருக்காது.

எங்களுக்கு நடந்ததைச் சொன்னால் மற்றவர்களுக்கும் புரியும். ஒரு கொடையில் எங்கள் அண்ணாவியின் மகள் மேடை ஓரத்தில் போனை ஸ்டாண்டில் வைத்து முழு நிகழ்ச்சியையும் எடுத்தார், மைக் செட்காரர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த ஆடியோவை அதில் சேர்த்து எங்கள் குழுவின் யூடியூப் சேனலில் ஏற்றினார். கொஞ்ச நேரத்திலேயே காப்பிரைட் கிளைம், அதாவது இது எங்கள் சொத்து என்று வேறொருவர் உரிமை கோரும் அறிவிப்பு, வந்துவிட்டது. அதே நிகழ்ச்சியை அதே மைக் செட்டிலிருந்து வயர் இழுத்து எடுத்திருந்த வேறொரு சேனல், தன் லோகோவைப் போட்டு, எங்கள் பெயரை எடுத்துவிட்டு, பாட்டு விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தின் வழியாகத் தன் சொத்தாகப் பதிந்து வைத்திருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, காகிதத்தில் கையெழுத்தும் வாங்கவில்லை. பாடினவர்கள் நாங்கள், விருத்தம் எழுதினவர் அண்ணாவி, ஆனால் எங்கள் வீடியோவில் வரும் விளம்பரக் காசு அவர்களுக்குப் போகும் என்று அறிவிப்பு வருகிறது.

யூடியூப்பில் இது எப்படி நடக்கிறதென்றால், கன்டென்ட் ஐடி என்று ஓர் ஏற்பாடு 2007 முதல் இருக்கிறது. உரிமையாளர் என்று சொல்கிறவர் தன் ஒலியையோ படத்தையோ அதில் கொடுத்து வைத்தால், பிறகு யார் எதை ஏற்றினாலும் கணினி ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போனால் தானாகவே கிளைம் போட்டுவிடும். யார் முதலில் பாடியது, யாருடைய தொண்டை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, யார் கொடுத்து வைத்தார் என்பதுதான் தெரியும். கொடுத்து வைக்கிற வசதியோ நிறையப் பாட்டுகளின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான். ஒரு வில்லிசைக் குழு நேரடியாக அதற்குள் நுழைய முடியாது. எதிர்த்துச் சொல்லலாம், அதற்கு வழி இருக்கிறது. சொன்னால் கிளைம் போட்டவருக்குப் பதில் தர 30 நாள் உண்டு. அவர் விடமாட்டேன் என்றால் மேல்முறையீடு செய்யலாம், அதையும் மறுத்து அவர் முறையான நீக்கக் கோரிக்கை கொடுத்தால் வீடியோ போவதோடு சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக், அதாவது விதிமீறல் குறி, விழும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் என்றால் சேனலையே எடுத்துவிடுவார்கள். நாங்கள் எதிர்த்துச் சொன்னோம், அவர்கள் மறுத்தார்கள். மேல்முறையீடு என்றதும் அண்ணாவி வேண்டாம் என்றுவிட்டார். இருக்கிற ஒரு சேனலும் போய்விட்டால் கொடைக்காரர்களுக்கு எதைக் காட்டுவது என்பது அவர் கவலை. அந்தக் கவலையை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். எங்கள் பக்கத்தில் யாருக்குமே இது தெரியாது என்பதுதான் என் ஆதங்கம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின் வழியாக நிகழ்த்துகலைஞர் உரிமை சேர்க்கப்பட்டது, 2012 திருத்தம் அதை இன்னும் பலப்படுத்தியது. கலைஞர் என்றால் யார் என்று அந்தச் சட்டமே சொல்கிறது: நடிகர், பாடகர், இசைக்கருவி வாசிப்பவர், நடனமாடுபவர், கழைக்கூத்தாடி, வித்தை காட்டுபவர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் என்று வரிசையாகப் பெயர் சொல்லிவிட்டு, நிகழ்த்திக் காட்டும் வேறு எவரும் என்று முடிக்கிறது. பாம்பாட்டிக்கே உரிமை உண்டென்றால் வில்லடிப்பவருக்கு இல்லாமல் போகுமா? அண்ணாவிக்கு மட்டுமல்ல, குடம் அடிப்பவர், ஜால்ரா போடுபவர், பின்பாட்டுப் பாடுபவர் எல்லோருமே கலைஞர்கள்தான். நாங்கள் நிகழ்த்துவதைப் பதிவு செய்யவும், படி எடுக்கவும், மக்களுக்குக் கொண்டுசேர்க்கவும் அனுமதிக்கிற உரிமை எங்களுக்கே உரியது, நிகழ்ச்சி நடந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கிட்டு 50 ஆண்டு வரைக்கும். இந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். வாய்ச்சொல்லாக, சும்மா எடுத்துப் போடுகிறோம் அண்ணாவி, உங்களுக்கும் விளம்பரம்தானே என்று சொல்லிவிட்டுப் போனால் உரிமை கைமாறிவிடாது.

இங்கே ஒரு சிக்கலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ராத்திரி எடுத்த வீடியோவுக்குள் பல பேருடைய உரிமை அடுக்கடுக்காக இருக்கிறது. சுடலைமாடன் கதை பரம்பரையாக வருவது, அது யாருக்கும் சொந்தமில்லை, எவரும் பாடலாம். அதற்குள் அண்ணாவி புதிதாகக் கட்டிச் சேர்த்த விருத்தம் அவருடைய இலக்கியப் படைப்பு, அவர் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 ஆண்டும் அவருக்கும் வாரிசுகளுக்கும் உரியது, பதிவு செய்யாவிட்டாலும் உரியதுதான். நாங்கள் பாடி வாசித்தது எங்கள் நிகழ்த்துகலை உரிமை. படம் பிடித்த வீடியோ என்பது இன்னொரு தனிச் சொத்து. கொடைக் கமிட்டி காசு கொடுத்து வீடியோகாரரைக் கூட்டி வந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் அந்தப் படத்துக்கு முதல் உரிமையாளர் வீடியோகாரர் அல்ல, கமிட்டிதான். இது பல கமிட்டிகளுக்கே தெரியாது. சேனல்காரர் தன் செலவில் வந்து எடுத்தால் படம் அவருடையது. ஆனால் படம் அவருடையது என்பதால் பாட்டும் அவருடையதாகிவிடாது. எங்கள் பாட்டைத் தன் படத்தில் சேர்க்க நாங்கள் எழுத்தில் சம்மதித்திருந்தால் அவர் அதைப் பயன்படுத்துவதை நாங்கள் தடுக்க முடியாது, அப்போதும் வணிகத்துக்குப் பயன்படுத்தினால் எங்களுக்கு ராயல்டி உண்டு என்கிறது 2012 திருத்தம். எழுத்தே இல்லாதபோது அவர் கை எப்படி ஓங்கும்?

அப்புறம் இடைவேளையில் மைக் செட்டில் போடுகிற சினிமா பக்திப் பாட்டு இருக்கிறது. கொடையில் ஒலிபெருக்கியில் அதைப் போடுவது குற்றமில்லை, சமயச் சடங்குகளுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டு பின்னணியில் கேட்கிற வீடியோவை நெட்டில் ஏற்றினால் அந்த விலக்கு கூடவே வரும் என்று நம்ப முடியாது. இரண்டு நிமிடப் பாட்டுக்காக மூன்று மணி நேர வில்லுப்பாட்டு வீடியோவின் வருமானம் பாட்டுக் கம்பெனியின் கைக்குப் போகிறது. பதிவு செய்கிற நேரத்தில் இடைவேளைப் பாட்டைத் தவிர்க்கச் சொல்லி மைக் செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, அல்லது அந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஏற்ற வேண்டும்.

பழைய கேசட்டுகளின் கதை வேறு. எங்களுக்கு முந்தைய தலைமுறை அண்ணாவிகள் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடி, கையில் கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது கலைஞர்களுக்குத் தனி உரிமை என்பதே நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை, 1994 திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1995 மே மாதத்தில்தான். ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு, வெளியிட்ட வருடத்துக்குப் பின் 60 ஆண்டு. ஆகவே 1980களின் கேசட்டை இன்று யாரோ யூடியூப்பில் போட்டுச் சம்பாதித்தால் பாடின குடும்பம் அந்த ஒலிப்பதிவைப் பற்றி அதிகம் கேட்க முடியாது. ஆனால் அதில் பாடிய சொந்த விருத்தத்தை அண்ணாவி எழுத்தில் எழுதிக் கொடுத்திராவிட்டால் அந்த வரிகள் இன்னும் அந்தக் குடும்பத்துக்குத்தான் சொந்தம். அவர் கைப்பட எழுதிய நோட்டை வைத்திருப்பவர்கள் அதைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட வேண்டாம். படைப்பைப் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் பதியலாம், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்தான். கட்டாயம் இல்லை, ஆனால் நாளைக்கு வழக்கென்று வந்தால் பதிவு ஒரு முதல்நிலைச் சான்று.

காசு போனதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. வில்லுப்பாட்டில் வரத்துப் பாட்டு என்று ஓர் இடம் வரும். சாமியாடிக்கு அருள் வர வேண்டிய நேரம், உடுக்கையும் குடமும் ஏறி ஏறிப் போகும், பெண்கள் குலவை இடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்து, சினிமா காமெடி வசனத்தையும் சிரிப்புச் சத்தத்தையும் மேலே போட்டு யாரோ ரீல் ஆக்கிவிட்டார்கள். அது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போனுக்கே சுற்றி வந்தது. எங்கள் நம்பிக்கையை வைத்து விளையாடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டமும் இதில் பேசாமல் இல்லை. கலைஞர் என்று தன்னை அடையாளம் காட்டச் சொல்லும் உரிமையும், தன் பெயருக்குக் கெடுதல் வரும்படி நிகழ்ச்சியைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் 2012 முதல் எங்களுக்கு உண்டு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் உண்டு. நீளம் கருதிச் சும்மா வெட்டுவது சிதைப்பதாகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது, அது நியாயம்தான். ஒரு ரசிகர் ஒரு நிமிடத்தை வெட்டி ஸ்டேட்டஸ் வைத்தால் சிதைத்துவிட்டார் என்று பாய வேண்டியதில்லை. ஆனால் வரத்துப் பாட்டின் மேல் சிரிப்புச் சத்தத்தை ஒட்டுவது நீளத்துக்காக வெட்டுவது அல்லவே.

சரி, அப்படியானால் யாரும் எதையும் எடுக்கக் கூடாதா, பகிரக் கூடாதா என்று கேட்பீர்கள். நான் அதற்கு நேர் எதிர். பகிர்வதால்தான் இந்தக் கலைக்கு இன்று உயிர் இருக்கிறது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கோயில் ஒன்றிலிருந்து எங்களை முதன்முதலில் கூப்பிட்டவர் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய துண்டைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார். அந்தத் துண்டில் குழுவின் பெயர் இருந்தது, அதனால் தேடிப் பிடிக்க முடிந்தது. வளைகுடாவில் வேலை செய்கிற எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் குலசாமி கொடையை லைவில்தான் பார்க்கிறார்கள், அதை யார் தடுக்க மனம் வரும்? சட்டமும் இந்த இடத்தில் முரட்டுத்தனமாக இல்லை. சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வது, பாடம் நடத்தவும் ஆராய்ச்சிக்கும் பதிவு செய்வது, செய்திக்கும் விமர்சனத்துக்கும் ஒரு பகுதியைக் காட்டுவது எதுவும் எங்கள் உரிமையை மீறுவதாகாது என்று 39ஆவது பிரிவு சொல்கிறது. உரிமைக் காலம் முடிந்தது ஊர்ச் சொத்தாக வேண்டும் என்பதும் எனக்குச் சம்மதம். எங்கள் மாவட்டத்துக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1954இல் மறைந்தார், 60 ஆண்டு கழிந்துவிட்டது, இன்று அவர் பாட்டை எந்தப் பிள்ளையும் பாடி எந்தச் சேனலிலும் போடலாம். அது அவருக்குப் பெருமைதான். உயிரோடு இருந்து விடிய விடியத் தொண்டை கிழியப் பாடுகிறவரிடம் கேட்காமல், அவர் பெயரை அழித்துவிட்டு, அவருடைய சொந்த வீடியோவையே பிடுங்குவதைப் பகிர்வது என்று சொல்ல முடியாது.

சட்டத்தில் உரிமை இருக்கிறதே, நீதிமன்றம் போக வேண்டியதுதானே என்று படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். போகலாம். பாதிக்கப்பட்டவர் தான் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம், எங்கோ சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டாம், எங்களுக்கு நாகர்கோவில், பாறசாலைக்காரருக்குத் திருவனந்தபுரம். தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகள் சொல்கின்றன. ஆனால் அந்தப் புகாரோடு, 21 நாளுக்குள் வழக்குப் போட்டு நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருகிறேன் என்றும் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும், கொண்டுவராவிட்டால் எடுத்ததைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கொடை நடக்கும் மாதத்தில் ராத்திரி பூரா பாடிவிட்டு விடியற்காலை வீடு திரும்புகிற மனிதர் 21 நாளில் வக்கீலைப் பிடித்து உத்தரவு வாங்குவதென்றால் நடக்கிற காரியமா? பெரிய கம்பெனிக்கு அது ஒரு பொருட்டல்ல, அவர்களிடம் ஆள் இருக்கிறது. சட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் வழியை அவர்களுக்கு மட்டும் தோதாக வைத்திருக்கிறது. இதற்கிடையில் ஓர் உதவி உண்டு, அதையும் பலர் அறியவில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு இருக்கிறது. பெண்கள் தலைமை தாங்கும் வில்லிசைக் குழுக்கள் இப்போது நம் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன, அவர்கள் தாராளமாக அங்கே போகலாம்.

எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கொடைக்கு அட்வான்ஸ் வாங்குகிற அன்றைக்கே ஒரு பக்கக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். யார் படம் பிடிப்பது, எந்தச் சேனலில் போடுவது, தலைப்பில் குழுவின் பெயரும் அண்ணாவி பெயரும் இருக்க வேண்டும், வேறு நிறுவனத்திடம் சொத்தாகப் பதிந்து வைக்கக் கூடாது, விளம்பர வருமானம் வந்தால் என்ன பங்கு, எத்தனை வருடத்துக்கு. இவ்வளவுதான். கமிட்டிக்காரர்கள் இதைக் கேட்டுக் கோபப்படுவார்கள் என்று எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள், நாங்கள் கேட்டுப் பார்த்த ஒன்றிரண்டு இடங்களில் அப்படி எதுவும் நடக்கவில்லை. கலை பண்பாட்டுத் துறையும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியமும் இந்த ஒரு பக்கக் காகிதத்தைத் தமிழில் அச்சடித்துக் கலைஞர்கள் கையில் கொடுக்க வேண்டும், பக்கத்திலேயே மலையாளத்திலும் இருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் போகும்போது உதவும். அங்கே கேரள ஃபோக்லோர் அகாதமி இருக்கிறது, அவர்களும் சேர்ந்து செய்யலாம். நலவாரிய அட்டை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பதிப்புரிமைச் சட்டம் களியக்காவிளை செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

தளங்களை நடத்துகிற நிறுவனங்களிடம் நான் கேட்பது, நிகழ்ச்சியில் பாடினவரே வந்து இது என் குரல் என்று சொன்னால், முடிவைக் கிளைம் போட்டவர் கையிலேயே விடாமல் ஒரு மனிதர் உட்கார்ந்து இரண்டு வீடியோவையும் பார்க்க வேண்டும் என்பதுதான். யூடியூப்பில் கிளைம் வந்து 5 நாளுக்குள் எதிர்த்துச் சொன்னால் ஆரம்பத்திலிருந்தே வருமானத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைக்கிறார்கள் என்பது ஒரு நல்ல ஏற்பாடு, ஆகவே கிளைம் வந்தவர்கள் அந்த 5 நாளைத் தவறவிட வேண்டாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கொடைச் செய்தி போடும்போது வில்லிசைப் படம் அடிக்கடி வருகிறது, நன்றி. கீழே "வில்லிசை நிகழ்ச்சி நடைபெற்றபோது எடுத்த படம்" என்று மட்டும் இருக்கும். அடுத்த முறை படமெடுக்க வருகிற நிருபரிடம், மேடையில் இருப்பது எந்தக் குழு, அண்ணாவி யார் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். தங்கள் இணையப் பக்கத்தில் வீடியோ போடும்போதும் அப்படியே செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உடுக்கைக் கலைஞர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்